ஆயிரத்து ஒன்பது மூட்டை

ஒன்பது மூட்டை மிஞ்சியது.

"ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி நூறு அட்டி சார், அட்டிக்குப் பத்து. இந்த ஒன்பதையும் ஓரமா வெச்சிரட்டா?" என்றான் மேஸ்திரி நீலமேகம்.

"உதிரியே இருக்கக் கூடாது. எல்லா அட்டியும் ஒரே அளவு. புது ரூல்." கிடங்கு அதிகாரி ஸ்டானிஸ்லாஸ் தலையை நிமிர்த்தவில்லை. "நாலு மணிக்குப் பெரிய ஆபீசர் வர்றார். சரியா இல்லன்னா நாளைலேர்ந்து வேற கேங்."

நீலமேகத்தின் கேங்கில் பதினாலு பேர். திருவொற்றியூரில் வேறு எந்தக் கிடங்கும் அவர்களைக் கூப்பிட்டு மாதமாகிறது.

"ஒன்பதா போடுங்கடா."

ஐம்பது கிலோ உளுந்து மூட்டை. பிரித்து, தோளில் ஏற்றி, மறுபடி அடுக்கினார்கள். நூற்றுப் பன்னிரண்டு அட்டி. ஒரு மூட்டை மிஞ்சியது.

கிடங்கு கூட்டும் கன்னியம்மா, துடைப்பத்தோடு அட்டிகளுக்கு நடுவே எட்டி எட்டிப் பார்த்தாள். "மேஸ்திரிண்ணே, ஒண்ணு கேக்கணும்..."

"அப்பால போம்மா. இங்கயே பேஜாரா கீது."

எட்டெட்டாகப் போட்டார்கள். ஒன்று மிஞ்சியது. ஏழேழாகப் போட்டார்கள். அதே ஒன்று. கேங்கில் ஒருவனான பீம்ராவ் அதைக் காலால் உதைத்துவிட்டு, கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"மாமு, நீ எண்ணது கரெக்டு தானா?"

"இருவத்திரண்டு வருசமா எண்றேன். ஆயிரத்து ஒன்பது. நீயே எண்ணிக்கோ."

பீம்ராவ் நொண்டிக்கொண்டே எண்ணினான். ஆயிரத்து ஒன்பதுதான்.

நேற்று இறங்கிய சரக்கு. எத்தனை மூட்டை என்று காட்டும் கப்பல் சீட்டு நாளைக்குத்தான் வரும். காலையில் நீலமேகம் எண்ணிச் சொன்னதே கணக்கு.

"ஒண்ணு கொறச்சு எழுதிக்கினா இன்னா சார்?"

"கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. இனிமே ஒரு மூட்டை குறைஞ்சா திருட்டுக் கேஸ்."

மணி இரண்டு. நீலமேகம், கல்லூரியில் கணக்குப் படிக்கும் மகள் சங்கமித்ராவுக்குப் போன் போட்டான்.

"ஆயிரத்து ஒன்பதாப்பா? அது பகா எண்."

"அப்டின்னா?"

"எதால வகுத்தாலும் மிஞ்சும். ஒண்ணால வகுக்கலாம், இல்லன்னா ஆயிரத்து ஒன்பதால. வேற வழி கெடையாது."

"இத்த காலைலயே சொல்றதுக்கு இன்னா?"

"காலைல நீ கேட்டியா?"

நீலமேகம் யோசித்தான். ஒரே அட்டியாகப் போட்டால் பக்கத்து அனல்மின் நிலையப் புகைபோக்கியோடு போட்டி போடும். மிச்சம் ஒரு வழிதான்.

"எல்லாத்தயும் தனித்தனியா தரையில வையுங்கடா."

"இன்னா மாமு, வெயில் ஏறிப்போச்சா?" என்றான் பீம்ராவ். ஆனாலும் தூக்கினான்.

கிடங்கு நிறைந்து, வாசல் நிறைந்து, மூட்டைகள் லாரி நிற்கும் இடம்வரை போயின. மேலே புகைபோக்கிச் சாம்பல் படிந்தது. நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்க, ஸ்டானிஸ்லாஸ் வெளியே வந்தார்.

"என்னய்யா இது?"

"அட்டி சார். ஆயிரத்து ஒன்பது அட்டி, அட்டிக்கு ஒண்ணு. எல்லாம் சமம். உதிரி கெடையாது."

ஸ்டானிஸ்லாஸ் ரூல் தாளைப் பிரித்து இரண்டு முறை படித்தார். ரூல்படி எல்லாம் சரிதான்; தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கேட்டுக்கு வெளியே பெரிய ஆபீசரின் கார் ஹாரன் அடித்தது. பதினாலு பேரும் முதுகை நிமிர்த்தினார்கள்.

மூட்டைகளுக்கு நடுவே நடந்துவந்த கன்னியம்மா, ஒன்றின் வாயைப் பிரித்துப் பார்த்து, அதைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"நல்ல வேள மேஸ்திரிண்ணே, எல்லாத்தயும் கீழ எறக்கினீங்க. நேத்து கூட்டின மண்ண உங்க காலிச் சாக்குலதான் கட்டி வெச்சேன், காலைலேர்ந்து தேடிகினு கீறேன்."