கிளிஃபர்ட் காலமான வாரம்

பதினெட்டு வருடமாகத் தங்களோடு இருப்பதற்கு நன்றி சொல்லி இணையக் கம்பெனி கிளிஃபர்டுக்குக் கடிதம் எழுதியிருந்தது. அடுத்த வரியிலேயே கட்டணத்தை மாதம் ஐம்பத்தாறு பவுண்டாக ஏற்றியிருந்தது. அதே கம்பெனி, அதே கம்பி, போன மாதம் குடிவந்த பக்கத்து வீட்டு கிளெனிஸுக்கு மட்டும் இருபத்து நாலு. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷனுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

போன் போட்டார். முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டார். கடைசியில் வந்த பெண்ணிடம், விலையைக் குறைக்காவிட்டால் விலகிவிடுவேன் என்று மிரட்டினார். ஊரில் எல்லாரும் செய்வதுதான், மிரட்டினால் குறைப்பார்கள். இந்தப் பெண்ணோ, ஒப்பந்தம் தானாகவே புதுப்பிக்கப்பட்டுவிட்டது, விலகினால் முந்நூறு பவுண்டு அபராதம் என்றாள். அபராதம் இல்லாமல் விலக ஒரே வழி, வாடிக்கையாளர் இறந்துபோவது.

போனை வைத்துவிட்டு கிளிஃபர்ட் வெகுநேரம் டீயைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"டோரீன், நான் செத்துட்டேன்னு சொல்லிடு," என்றார் மனைவியிடம். "அப்புறம் நீ புது ஆளா உன் பேர்ல சேந்துக்கோ."

"பொய் சொல்ல நான்தான் கெடைச்சேனா?"

"நான் செத்துட்டேன்னு நானே போன் பண்ணிச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

டோரீனுக்குக் கவலை வேறு. அடிலெய்டில் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்து நாலு நாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். இவர்களிடம் இருப்பதோ பழைய கணினி ஒன்றும் பட்டன் போன் இரண்டும். இணைப்பு இல்லாவிட்டால் பேரன் முகத்தைப் பார்க்க முடியாது. சனிக்கிழமைக்குள் புது இணைப்பு வந்துவிடும் என்று கிளிஃபர்ட் சத்தியம் செய்த பிறகுதான் போனை எடுத்தாள்.

கம்பெனியில் இரங்கல் பிரிவு என்று தனியாகவே ஒன்று இருந்தது. பாட்டு இல்லை, காத்திருப்பு இல்லை. அழாத குறையாகப் பேசினார்கள். உயிரோடு இருந்த பதினெட்டு வருடத்தில் கிளிஃபர்டுக்குக் கிடைக்காத மரியாதை! அந்த மரியாதையோடு அன்றைக்கே இணைப்பையும் துண்டித்தார்கள். புது வாடிக்கையாளர் டோரீனின் வீட்டுக்குச் சனிக்கிழமை ஆள் வருவதாக ஏற்பாடு. வந்தவன் கண்ணில் கிளிஃபர்ட் பட்டால் எல்லாம் போச்சு.

அதோடு விட்டார்களா? மலர்க்கொத்து அனுப்பினார்கள். டோரீன் கடைக்குப் போயிருந்தாள். செத்தவர் கதவைத் திறக்கலாமா என்று கிளிஃபர்ட் யோசிப்பதற்குள் கிளெனிஸ் அதை வாங்கி, கூட இருந்த அட்டையையும் படித்துவிட்டாள். சாயங்காலம் ஒரு பெரிய பாத்திரத்தில் கறியும் உருளைக்கிழங்குமாகச் சமைத்து எடுத்துவந்து, டோரீனைக் கட்டிப்பிடித்து அழுதாள். மாடியில் கிளிஃபர்ட் பசியோடு மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கிளெனிஸ் இன்னும் பெரிய உதவி செய்தாள். அவர் துணிகளைப் பார்க்கப் பார்க்க டோரீனுக்கு மனசு கஷ்டப்படும் என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டி, தானமாக வந்த துணிகளை விற்கும் தர்மக் கடையில் கொடுத்துவிட்டு வந்தாள். வேண்டாம் என்று சொல்ல டோரீனுக்குக் காரணம் அகப்படவில்லை. குளியலறையில் ஒளிந்திருந்த கிளிஃபர்டுக்கு மிஞ்சியது உடம்பில் இருந்த குளியல் அங்கி மட்டும்தான்.

சனிக்கிழமை காலை கம்பெனி வேன் வாசலில் நின்றது. கிளிஃபர்ட் பதறிப்போய் மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறைக்குள் புகுந்து, வாக்குவம் கிளீனர் மேல் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். இணையப் பெட்டி இருப்பதும் அதே அறையில்தான் என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

அறைக் கதவைத் திறந்த கம்பெனி ஆள் நரைத்த தாடிக்காரர். கையிலிருந்த தாளில் "கணவர் மறைவு" என்று குறிப்பு இருந்தது. தாளைப் பார்த்தார், குளியல் அங்கியைப் பார்த்தார்.

"அது என் தம்பி," என்றாள் டோரீன்.

கிளிஃபர்டுக்கு மனசு கேட்கவில்லை. "செத்தது நான்தாங்க. நாளைக்கு இவ பேரனைப் பாக்கணும். லைனை மட்டும் குடுத்துட்டு, அப்புறம் என்னைப் பத்தி என்ன வேணா எழுதிக்கோங்க."

தாடிக்காரர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, திருப்புளியோடு முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"காலைக் கொஞ்சம் நகத்துங்க ஐயா. கம்பெனியில வேலை பாக்குறவங்களுக்கே பழைய ஆளுன்னா அந்த விலைதான். போன மார்ச்சுல நானும் செத்துட்டேன்."