கழன்றிருக்க வேண்டிய கிளிப்

ஓர் ஆவணத்தை எல்லோரையும்விடக் குறைவாகப் படிப்பவன், அதை எழுதியவன்தான். அப்படி ஒருவனால் ஆலங்குடியில் ஒரு ஷெட் மூடப்பட்டது. அவன் நான்.

நாளிதழில் ஆறு ஆண்டுகள் அடுத்தவர் பிழைகளைத் திருத்திவிட்டு, வேலை போய் ஊர் திரும்பியிருந்தேன். சித்தப்பா பள்ளிக்கூடப் பை தைக்கும் ஷெட் வைத்திருந்தார். பை ஆர்டர் குறைந்ததால், எத்துப்பல்லைப் பின்னுக்குத் தள்ளும் ஹெட்கியர் தயாரிக்க இறங்கினார். கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை. அதில் ஒரு கிளிப்பால் மாட்டிய கம்பி வாய்க்குள் போகும். மருத்துவக் கருவி என்பதால் அரசு உரிமம் வேண்டும். கிடைத்தால் ஷெட் பிழைக்கும். இல்லையென்றால் தைக்கும் பெண்கள் ஐந்து பேருக்கும் வேலை போகும். விண்ணப்பம் எழுதும் பொறுப்பு எனக்கு. (எழுதினேன். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை.)

ஆய்வுக்கு முதல்நாள், மூத்த தையல்காரரான செல்வியக்காவிடம் பதறினேன். "அக்கா, ஆபீசர் இழுத்துப் பார்ப்பாரு. பிச்சுக்கிட்டு வந்துச்சுன்னா மானம் போயிரும்."

"அதெல்லாம் வராது தம்பி. நான் பாத்துக்கிறேன், போங்க."

மறுநாள் அதிகாரி, "யாராச்சும் போட்டுக் காட்டுங்க" என்றார். நான் முன்வந்தேன். (எனக்கு எத்துப்பல் இல்லை. ஆர்வம் இருந்தது.) அவர் கம்பியைப் பிடித்து இழுத்தார். பட்டை அசையவில்லை. நான் அசைந்தேன். மூன்றாவது இழுப்பில் இருவரும் வாசற்படிக்கு வந்திருந்தோம்.

"எங்கிட்டு இழுத்தாலும் வராது சார்" என்றார் செல்வியக்கா, பெருமையாக. "கிளிப்பு மேலயே ரெட்டைத் தையல் போட்டிருக்கு. தம்பிதான் சொல்லுச்சு."

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "நாலாம் பக்கம் யாரு எழுதுனது?"

"நான்தான் சார்."

"வாசிங்க."

கழுத்தில் பட்டையோடு வாசித்தேன்: "பலமாக இழுத்தால் கிளிப் தானாகக் கழன்றுவிடும். கழலாவிட்டால் கம்பி தெறித்து அணிந்தவரின் கண்ணைக் கெடுக்கக்கூடும்."

சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அப்படிச் சொல்லல சார். அக்காதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க" என்றேன். (பத்திரிகையில் கற்றது. பிழை எப்போதும் அச்சகத்தில்தான் நேரும்.)

செல்வியக்கா என்னைப் பார்த்தார்.

"கழலக் கூடாதுன்னு தைக்கிற எடத்துக்கு நான் எப்படிங்க கையெழுத்துப் போடுறது?" என்றார் அதிகாரி. ஒரு சொல்லைக்கூட வெட்ட முடியாத வாக்கியம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மறுபடி முயலச் சித்தப்பாவுக்குத் தெம்பில்லை. செல்வியக்கா இப்போது புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில், நாள் முழுக்க நின்றபடி, வாடிக்கையாளர் பிரித்துப் போட்ட சேலைகளை மடிக்கிறார்.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் தாலி கட்டும் நேரத்தில் சித்தப்பா குரல் கொடுப்பார்: "ஒரு முடிச்ச இவனப் போடச் சொல்லுங்கப்பா. ஆபீசரே வந்து இழுத்தாலும் பிரியாது!"

மண்டபம் சிரிக்கும். நானும் சிரிப்பேன். பிறகு பந்தியில் செல்வியக்கா இல்லாத வரிசையாகப் பார்த்து உட்காருவேன். "இங்கிட்டு வாங்க தம்பி, எடம் இருக்கு" என்று அவர் அங்கிருந்து கை காட்டுவார். நான் காது கேட்காதவனைப்போல இலையைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.