அத்தியாவசியமான பத்து இசைத்தட்டுகளும் ஒரு மஞ்சள் உறையும்

ஒரு வீட்டுக்கு எது அவசியம், எது அவசியமில்லை என்பதை அந்த வீட்டில் இருப்பவர்களே தீர்மானித்துக்கொள்ளும் அவல நிலைக்கு முடிவு கட்டுவது என்று எங்கள் குடியிருப்பு வாரியம் ஒருநாள் தீர்மானித்தது. காரணம் இல்லாமல் இல்லை. நாங்கள் இருக்கும் கட்டடத்தின் கூரையில் விரிசல் விட்டிருந்தது. பூசிவிடலாம் என்று சொன்ன கொத்தனாரை அனுப்பிவிட்டு வாரியம் ஆழ்ந்து யோசித்தது. கட்டடத்தில் பாரம் அதிகம், பாரத்தைக் குறைத்தால் விரிசல் தானாக மூடிக்கொள்ளும் என்று கண்டுபிடித்தது. நாற்பத்தொன்றாம் எண் சுற்றறிக்கை பிறந்தது.

எட்டுப் பக்கம். முழுக்கப் படித்தவர் யாரும் இல்லை. இடப் பரிசோதகர் என்று ஒருவர் வீடு வீடாக வந்து அதன் சாரத்தை வாயால் சொன்னார். அத்தியாவசியமான பொருளுக்குப் பச்சைச் சீட்டு ஒட்டுவார். மற்றதற்குச் சிவப்பு. சிவப்பெல்லாம் வெளியே போகவேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் அடுப்புக்குப் பச்சை ஒட்டினார். தலை மூன்று, தலையணை நான்கு என்று எண்ணி ஒரு தலையணைக்குச் சிவப்பு ஒட்டினார். பாப்பாவின் மரத்தொட்டிலைச் சுற்றி வந்தார். அதற்கு ஒரு கால் குட்டை. ஆட்டும்போதெல்லாம் டக், டக் என்று தரையைத் தட்டும்.

"குழந்தை வளந்துடும்ல?" என்றார்.

"வளரணும்னுதான் சார் சாப்பாடு போடுறோம்" என்றேன்.

"அப்போ தற்காலிகம்" என்று பாதிப் பச்சை ஒட்டினார்.

பிறகு உள்ளறைக் கதவைத் திறந்து அப்படியே நின்றுவிட்டார். தரையிலிருந்து விரிசல் வரைக்கும் இசைத்தட்டுகள். முந்நூற்றுப் பன்னிரண்டு. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஆனால் அது சம்பளத்துக்குச் செய்யும் வேலை. பிறவிப் பயன் இந்த அறைக்குள் இருந்தது.

"இதெல்லாம் என்னங்க?"

"சைக்கடெலிக் ராக் சார்" என்றார் அவர், சாமி பேரைச் சொல்வது போல.

"அப்படின்னா?"

"கிடாரைப் பின்னாலேர்ந்து முன்னால ஓட்டிப் பதிவு பண்ணுவாங்க. குரல் தண்ணிக்குள்ளேர்ந்து வரும். கேக்கக் கேக்க ஒரு கதவு திறக்கும் சார்."

"எந்தக் கதவு?"

"மனசோட கதவு."

பரிசோதகர் குறித்துக்கொண்டார்: கதவு, ஒன்று. "ஒரு பாட்டு எவ்வளவு நேரம்?"

"இதுல பதினெட்டு நிமிஷம்."

"அதுல பாடுறது?"

"ரெண்டு நிமிஷம்."

"மீதிப் பதினாறு நிமிஷம் காலியாத்தானே கிடக்கு? அதை எடுத்துட்டா தட்டோட எடை குறையுமே!"

என் வீட்டுக்காரர் தட்டுகளுக்கு முன்னால் கையை விரித்து நின்றார். முந்நூற்றுப் பன்னிரண்டும் அத்தியாவசியம் என்று சத்தியம் செய்தார். பரிசோதகர் இரக்கமுள்ளவர். வீட்டுக்குப் பத்து தட்டு வைத்துக்கொள்ளலாம், எந்தப் பத்து, ஏன் அத்தியாவசியம் என்று ஒன்பதாம் படிவத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகவில்லை. பத்தைத் தேர்ந்தெடுக்கப் பதினோரு நாள் விடுப்பு எடுத்தார். அவர் இல்லாமல் லிஃப்டெல்லாம் நின்றுவிடுமே என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். வாரிய அலுவலக லிஃப்ட் எப்போதோ நின்றுவிட்டது. அதைச் சரி செய்ய நாலாவது மாடியில் இருக்கும் மேலதிகாரி கையெழுத்துப் போடவேண்டும். மனுக்கள் லிஃப்டில்தான் மேலே போகவேண்டும் என்பது விதி.

எனக்கு அந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றே ஒன்று போதும். மஞ்சள் உறை போட்ட தட்டு. அதன் இரண்டாம் பக்கம் முழுக்க ஆர்கன் என்கிற வாத்தியம் 'ம்ம்ம்' என்று ஒரே சுரத்தில் பத்தொன்பது நிமிஷம் முனகும். வைத்த மூன்றாவது நிமிஷம் பாப்பா தூங்கிவிடும். தட்டு நின்ற பிறகும் இரண்டு மணி நேரம் எழாது. பிறந்து எட்டு மாசமாகப் பாப்பா பகலில் தூங்கியது அந்தத் தட்டுக்கு மட்டும்தான். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நான் துவைப்பேன், குளிப்பேன், உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுவேன். அது போனால் நான் போனேன்.

"என்னங்க, பத்துல அந்த மஞ்சளையும் சேத்துடுங்க."

முகத்தில் சாணி பட்டது போலப் பார்த்தார். "அதுவா? அது சைக்கடெலிக்கே இல்ல. குழுவுல மூணு பேர் சண்டை போட்டுப் போயிட்டாங்க. மிச்சம் இருந்தவன் ஆர்கன் மேல தலையைச் சாச்சுத் தூங்கிட்டான். அதைப் போய்த் தட்டா போட்டிருக்கான். பாட்டெழுத்துன்னு ஒண்ணு வேணாமா?"

"உங்க பத்துல இருக்கிற 'ஊதாக் கடிகாரத்தின் வாக்குமூலம்' பாட்டு மட்டும் என்ன சொல்லுதாம்?"

"ஒண்ணும் சொல்லாது. ஆனா சொல்லாததை ஆழமா சொல்லாது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?"

"கற்பூரம் புள்ளையத் தூங்க வைக்குமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றேன்.

கேட்கவில்லை. பத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் மஞ்சள் இல்லை. அது மட்டுமா? படிவத்தில் 'தவிர்க்கப்பட வேண்டியவை' என்று ஒரு கட்டம் இருக்க, அங்கே இரண்டு பக்கம் மஞ்சளைத் திட்டி, தனித்தாள் இணைத்திருந்தார்.

பாப்பாவை இடுப்பிலும் மஞ்சள் தட்டைக் கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு நாலு மாடி ஏறினேன். மேலதிகாரி கோப்பைப் புரட்டினார்.

"உங்க வீட்டுக்காரரே எழுதியிருக்காரேம்மா. 'இது கேட்பவரைத் தூங்க வைக்கும் தன்மையது' அப்படின்னு."

"அதுக்குத்தான் சார் கேக்குறேன்."

"ஒரு பொருளோட குறையையே காரணமாக் காட்டி அதைக் கேக்க விதியில இடமில்லையே."

இதற்குள் பாப்பா வீறிட ஆரம்பித்தது. தட்டச்சுக்காரம்மா காதைப் பொத்திக்கொண்டே, "சார், போட்டுத்தான் பாருங்களேன். நேரடி ஆய்வுன்னு எழுதிக்கலாம்" என்றார். யார் வீட்டிலிருந்தோ சிவப்புச் சீட்டோடு வந்த ரிக்கார்டு பிளேயர் ஒன்று மூலையில் கிடந்தது. மேலதிகாரி தூசி தட்டி, இரண்டாம் பக்கத்தை வைத்தார்.

மூன்றாவது நிமிஷம் பாப்பா தூங்கியது. ஐந்தாவது நிமிஷம் பக்கத்து மேசையில் இருந்த இடப் பரிசோதகர் கோப்பின் மேல் கன்னத்தை வைத்தார். ஏழாவது நிமிஷம் மேலதிகாரியின் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கி மேசைக்கு வந்தது. நாலாவது மாடி முழுக்க ஒரே குறட்டை. நானும் பொய் சொல்வானேன், பெஞ்சில் சாய்ந்து ஒரு தூக்கம் போட்டேன். எட்டு மாசத்தில் முதல் தூக்கம்.

அலுவலகம் மூடும் மணி அடித்துத்தான் எல்லோரும் எழுந்தோம். மேலதிகாரி பதைபதைத்துப் பதிவேட்டைப் பார்த்தார். அன்று மதியம் எந்தக் கோப்பும் தொலையவில்லை. யாருக்கும் தவறான கடிதம் போகவில்லை. வாரியம் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு மதியம் இருந்ததில்லை.

மறுவாரமே நாற்பத்திரண்டாம் சுற்றறிக்கை வந்தது. மஞ்சள் தட்டு பொது நன்மைக்கு அத்தியாவசியமானது. ஆகவே வாரியத்துக்குச் சொந்தம். தினமும் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை எல்லாக் கட்டடங்களின் மொட்டை மாடியிலும் ஒலிபெருக்கி வைத்து ஒலிபரப்பப்படும். ஒரு கட்டடத்துக்கு ஆறு ஒலிபெருக்கி. ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம்.

அப்புறம் பார்க்கவேண்டுமே கூத்தை! மேலதிகாரி பூப்போட்ட சட்டைக்கு மாறினார். பரிசோதகர் வட்டமான ஊதாக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சிவப்புச் சீட்டு எது, பச்சைச் சீட்டு எது என்று தெரியாமல் எங்கள் அடுப்பைத் தூக்கிப் போகச் சொன்னார். எங்கள் கீழ்த்தளத்து இறைச்சிக் கடைக்காரர் கறி வெட்டும்போதே, "முதல் பக்கம் பழகுறவங்களுக்கு. ரெண்டாம் பக்கம்தான் ஞானம்" என்றார். என் வீட்டுக்காரர் மூன்று நாள் தன் பத்துத் தட்டுகளையும் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார்.

"என்னத்தச் சொன்னீங்க?"

"ரெண்டு பக்கம் எழுதினேன்ல? வேற எந்தத் தட்டைப் பத்தியாவது நான் ரெண்டு பக்கம் எழுதியிருக்கேனா?"

அதையும் வாரியம் ஏற்றுக்கொண்டு அவரைக் கௌரவ இசை ஆலோசகர் ஆக்கியது.

எல்லோருக்கும் நன்மை. பாப்பாவுக்குத்தான் கேடு. காதோரம் முனகினால் தாலாட்டு. தலைக்கு மேலே ஆறு ஒலிபெருக்கியில் முனகினால் அதற்குப் பெயர் வேறு. கண்ணாடி டம்ளர் கிணுகிணுக்கும். விரிசலிலிருந்து சுண்ணாம்பு உதிரும். பாப்பா இரண்டிலிருந்து நாலு வரைக்கும் ஆர்கனோடு போட்டி போட்டுக் கத்தும். புகார் கொடுக்க ஓடினேன். புகார் வாங்கும் நேரம் இரண்டு முதல் நான்கு. அந்த நேரத்தில் அலுவலகமே தூங்கும்.

எந்த அதிகாரியிடம் முறையிடலாம் என்றாவது பார்ப்போம் என்று வீட்டுக்கு வந்து நாற்பத்திரண்டாம் சுற்றறிக்கையை எடுத்தேன். ஒரு கையால் டக், டக் என்று தொட்டிலை ஆட்டிக்கொண்டே சத்தமாகப் படித்தேன்.

"மேற்படிப் பத்தியில் குறிப்பிடப்பட்டவை தவிர்த்த ஏனையவை, குறிப்பிடப்படாதவை எனக் கீழே குறிப்பிடப்பட்டவற்றுக்கு உட்பட்டு, மேற்படியே கருதப்படும்..."

மூன்றாம் பத்தியில் பாப்பா தூங்கிவிட்டது. அவ்வளவு சத்தத்திலும்!

உள்ளறையிலிருந்து அவர் மெல்ல வந்தார். "நிறுத்தாதே. படி." கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "ஆரம்பம் இல்ல, முடிவு இல்ல. சொன்னதையே சொல்லுது, ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி புரியாம இருக்கு. பின்னாலேர்ந்து முன்னால படி, பாப்போம்."

படித்தேன். அப்படியும் ஒரு குறையும் இல்லை.

"யாருடி எழுதினது?"

"வாரியம்தாங்க."

"இதுதான் பாட்டெழுத்து. முப்பது வருஷமா ஊர் ஊராத் தேடினேன், கதவுக்கு அடியிலேயே போட்டுட்டுப் போயிருக்கான்!"

பத்தில் முதலிடத்தை அதற்குக் கொடுத்தார். செய்தி பரவியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் பிள்ளைகளைத் தூங்க வைக்க நகல் வாங்கிப் போனார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் படிக்கட்டில் உட்கார்ந்து வாதாடினார்கள். நாற்பத்தொன்றில் ஒரு முரட்டு அழகு இருக்கிறதாம், நாற்பத்திரண்டில்தான் முதிர்ச்சியாம். அடுத்தது எப்போது வரும் என்று தபால்காரரை வழிமறித்துக் கேட்டார்கள்.

நேற்று மத்தியானம் நாற்பத்து மூன்று வந்தது. மேலதிகாரி தூக்கத்தில் இருந்ததால் தட்டச்சுக்காரம்மாவே எழுதி அனுப்பியதாம். ஒரே பக்கம். அதிலும் இரண்டே வரி:

"ஒலிபெருக்கியின் பாரத்தாலும் அதிர்வாலும் உங்கள் கூரை விழப்போகிறது. ஏழு நாளுக்குள் எல்லோரும் வீட்டைக் காலி செய்யுங்கள்."

படிக்கட்டே சோகமானது. இறைச்சிக் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"போச்சு. எல்லாமே புரியுது. கூட்டத்துக்காக எழுத ஆரம்பிச்சுட்டாங்க."

எல்லோரும் ஆமாம் என்று எழுந்து போனார்கள். நான் அவர்களைப் போல இல்லை, எனக்கு நடைமுறைதான் முக்கியம். உள்ளே கொண்டுவந்து பாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மூன்று தடவை படித்தேன். பாப்பா தூங்கவில்லை. கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கூரையையே பார்த்தது. இதெல்லாம் ஒரு சுற்றறிக்கையா என்று சலித்துப்போய், நாலாக மடித்து, தொட்டிலின் குட்டைக் காலுக்கு அடியில் கொடுத்தேன்.

இப்போது டக், டக் இல்லை. சுண்ணாம்பு உதிரும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கிறது.