பூதத்தின் குறட்டை

"டேய் காது! உன் பேரு வந்திருக்குடா! சிறந்த ஒலி வடிவமைப்பு, இறுதிப் பட்டியல்ல உன் பேரு!"

அவர்கள் படத்துக்குப் பூதத்தை வரைந்தவள் கத்திக்கொண்டே ஒலிப்பதிவு அறைக்குள் ஓடி வந்தாள்.

அந்தச் சின்ன அனிமேஷன் ஸ்டுடியோவில் ஒலி என்றால் அவன்தான். அதனால் அவனுக்குக் 'காது' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மலைக்குள் தூங்கும் ஒரு பூதத்தைப் பற்றி அவர்கள் எடுத்த குறும்படம் இந்த வருட விருதுப் போட்டிக்குப் போயிருந்தது. படத்தில் வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. பூதம் தூங்கும். குறட்டைதான் எல்லாமே.

காதுக்குத் தலைகால் புரியவில்லை. போட்டிக்குப் படத்தைத் தனியாகவும் ஒலியைத் தனியாகவும் அனுப்பியிருந்தான். அனுப்பிய ஒலியை இன்னொரு தடவை ஆசையாகக் கேட்போமே என்று ஓட விட்டான். கேட்கக் கேட்க அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடா ஆச்சு?"

"தப்பான ஃபைலை அனுப்பிட்டேன்."

"எதை அனுப்பினே?"

"முதலாளியை."

அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "ஐயையோ! அந்த சோபா குறட்டையையா?"

அதேதான். அசல் ஒலி தயாராகும்வரை கைக்குக் கிடைத்த எதையாவது போட்டு வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். பூதம் எங்கே மூச்சை இழுக்கிறது, எங்கே விடுகிறது என்று தெரிந்தால்தானே வரைய முடியும்? அதற்காகக் காது ஒரு மத்தியானம் முதலாளி அறையின் கதவிடுக்கில் மைக்கை நீட்டினான். உள்ளே முதலாளி சோபாவில் மல்லாந்து கிடந்தார். ஏறும்போது விசில், உச்சியில் பயமுறுத்தும் ஒரு நிறுத்தம், இறங்கும்போது மரம் அறுக்கும் சத்தம், கடைசியில் ஒரு 'ப்புஸ்'. மைக்கே நடுங்கியிருக்கும்.

முதலாளியோ ஆபீஸில் தூங்குவதே இல்லை என்று சாதிக்கிற ஆசாமி. "கண்ணை மூடி யோசிக்கிறேன்" என்பார். "சார் தூங்குறாரு" என்று போனில் வாய்தவறிச் சொன்ன மானேஜரை அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பியவர். காதுக்கு இந்த வேலையை விட்டால் வேறு போக்கிடமும் கிடையாது. மற்ற ஸ்டுடியோக்காரர்களிடமெல்லாம் "இது சங்கீதமா, சாக்கடை அடைப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் இங்கே வந்து சேர்ந்திருந்தான்.

"முழிச்சுக்கிட்டு நிக்காதே. போன் பண்ணி மாத்தச் சொல்லு" என்றாள்.

விருதுக் குழு அலுவலகத்தில் ஒரு பெண் எடுத்தாள். "மன்னிக்கணும் சார், நடுவர்கள் பாத்து முடிச்சாச்சு. இனிமே எதையும் மாத்த முடியாது. ஆனா வெளியில சொல்லிடாதீங்க, உங்க ஒலியைப் பத்தித்தான் உள்ளே ஒரே பேச்சு. ஒரு நடுவருக்குக் கண்ணே கலங்கிடுச்சாம்!"

"கலங்கிடுச்சா? அதைக் கேட்டா?"

"பாருங்களேன், எவ்வளவு அடக்கம் உங்களுக்கு!" என்று வைத்துவிட்டாள். வைத்தவள் சும்மா இருந்திருக்கலாம். அடுத்த நிமிஷமே முதலாளிக்குப் போன் போட்டு, இவ்வளவு அருமையான ஒலியையும் மாற்றத் துடிக்கிற கலைஞன் உங்களிடம் இருக்கிறான் என்று புகழ்ந்து தள்ளிவிட்டாள்.

முதலாளி அதுவரை படத்தை முழுதாகப் பார்த்ததில்லை. ஒரு தடவை உட்கார்ந்தார். பூதம் தூங்குவதைப் பார்த்ததும் அவருக்கும் யோசனை வந்துவிட்டது. இப்போது மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"போடுப்பா அந்தக் குறட்டையை! நானும் கொஞ்சம் அழுதுக்கிறேன்."

காது சட்டென்று தான் பாடுபட்டுச் செய்த அசல் ஒலியைப் போட்டான். முதலாளி கேட்டார். கண்ணைத் துடைத்துப் பார்த்துக்கொண்டார். ஒரு சொட்டு வரவில்லை.

"இதுக்கா அழுதாங்க? இதுல உயிரே இல்லையேப்பா. எப்படிச் செஞ்சே?"

"இரும்பு டிரம்ல கூழாங்கல்லை உருட்டினேன் சார்."

"கல்லா! நேர்ல பாத்தா நல்லா இருக்கும்போல!"

சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாளே ஒரு மெத்தைக் கம்பெனிக்காரரைக் கூட்டி வந்துவிட்டார். காது எல்லோர் முன்னாலும் வியர்க்க விறுவிறுக்க டிரம்மை உருட்டினான்.

மெத்தைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். "பூதம் ஜல்லி லாரியில வருதா சார்? நேர்ல உருட்டுறது வேணாம். நடுவரையே அழ வெச்ச பதிவு இருக்கில்ல, போட்டிக்கு அனுப்பினது, விருது கிடைச்சா அதைத்தான் எங்க விளம்பரத்துக்குப் போடணும். வீட்டுக்கு வீடு டிவியில கேக்கணும்."

"கேக்கும் சார், கேக்கும்!" என்று முதலாளி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

காதுக்கு அது இப்போதே கேட்டது. டிவியில் முதலாளியின் 'ப்புஸ்'! விழாவுக்காவது இவரை வரவிடாமல் செய்வோம் என்று நினைத்தான்.

"சார், நமக்குக் கிடைக்காதுன்னு பேசிக்கிறாங்க. போனா அவமானம். நீங்க வீட்டுலயே இருங்க, நான் மட்டும் போயிட்டு வந்துடுறேன்."

முதலாளிக்கு மீசை துடித்தது. "எவன் சொன்னது? நம்ம ஆளுங்க கைதட்டுற தட்டுல கொட்டகை இடியணும். ஒரு வரிசை முழுக்க நமக்குத்தான்! மச்சினன், மாமனார், எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன்."

"அம்மாவும் வர்றாங்களா சார்?" காதின் குரல் கீழே போனது.

"பின்ன? கல்யாணம் ஆனதுலேருந்து நான் வாங்கின ஒரு விருதைக்கூட அவ பாத்ததில்ல."

"என்ன விருது சார் வாங்கினீங்க?"

"அதான் பாத்ததில்லங்கிறேன்!"

பூதத்தை வரைந்தவள் அவனைத் தனியே இழுத்தாள். "செத்தடா நீ. அந்தக் குறட்டை அந்தம்மாவுக்குப் பக்கத்துத் தலகாணி. முதல் விசில்லயே கண்டுபிடிச்சிடுவாங்க."

விழா அரங்கில் கூட்டம் நெரிந்தது. விளம்பரப் படம், சுவரொட்டி வடிவமைப்பு, எழுத்து வடிவமைப்பு என்று விருதுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு படத்திலிருந்தும் ஒரு துண்டு திரையில் ஓடியது. எல்லாவற்றுக்கும் மேலே விழாக்காரர்கள் ஒரே தடபுடல் இசையைப் போட்டிருந்தார்கள். பூதமும் வந்தது, வயிறு ஏறி இறங்கியது, இசையைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. காதுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த இசையமைப்பாளனின் காலில் விழலாம்போல இருந்தது.

"சிறந்த ஒலி வடிவமைப்பு..." தொகுப்பாளினி இழுத்தாள். "பூதம் படத்துக்கு!"

முதலாளி வரிசையே எழுந்து கூத்தாடியது. காது மேடையேறினான். நடுவர் குழுத் தலைவி, நரைத்த தலையோடு ஒரு அம்மாள், விருதை ஏந்திக்கொண்டு நின்றார்.

தொகுப்பாளினி வாசித்தாள்: "இதுவரை எந்தப் படமும் செய்யத் துணியாததை இந்த இளைஞர் செய்திருக்கிறார். கேட்டவர்கள் மூச்சு விட மறந்தார்கள். இப்போது அந்தக் காட்சியை, பின்னணி இசை இல்லாமல், நடுவர்கள் கேட்டது கேட்டபடியே நீங்களும் கேட்கப் போகிறீர்கள்!"

இசை நின்றது. விளக்குகள் அணைய ஆரம்பித்தன. முன்வரிசையில் முதலாளியம்மா ஆர்வமாகக் கழுத்தை நீட்டினார்.

"போடாதீங்க!" காது மைக்கைப் பிடுங்கினான். "நிறுத்துங்க! நானே சொல்லிடுறேன். அந்தக் குறட்டையை நான் செய்யலை. அது எங்க முதலாளியோடது! மத்தியானம் ஆபீஸ் சோபால அவரு தூங்கறப்ப திருட்டுத்தனமா பிடிச்சேன். தற்காலிகமா வெச்சது, தப்பிப் போயிடுச்சு. சார், என்னை மன்னிச்சிடுங்க!"

முதலாளி எழுந்து நின்றவர் நின்றபடியே இருந்தார். முகம் வெளுத்து, சிவந்து, மறுபடியும் வெளுத்தது.

முதலாளியம்மா முதலில் சுதாரித்துக்கொண்டார். "ராத்திரி பூரா தூங்கவிடலைன்னு நான் சொன்னப்ப நம்புனீங்களா? இப்ப விருதே குடுத்துட்டாங்க பாருங்க!"

கொட்டகை அதிர்ந்தது. மெத்தைக்காரர் சிரித்துச் சிரித்து இருமினார்.

"ஏன்டா!" முதலாளி மேடையைப் பார்த்துக் கர்ஜித்தார். "இனிமே ஸ்டுடியோ பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதே! நாளைக்கு உன் மூஞ்சியைக் கண்டேன், அவ்வளவுதான்!"

வேலை போயிற்று. காது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "இந்த விருது எனக்கு வேண்டாம்மா, நான் போறேன்" என்று கும்பிட்டான்.

நடுவர் அம்மாள் ஒன்றும் புரியாமல் அவனையே பார்த்தார். பிறகு மைக்கை மெல்லத் தன் பக்கம் திருப்பினார்.

"குறட்டையா? தம்பி, நீங்க அனுப்பின ஒலி ஃபைல் எங்களுக்குத் திறக்கவே இல்லையே! பூதம் சத்தமே இல்லாம தூங்குச்சு, அந்த நிசப்தத்துக்குத்தான்பா இந்த விருது!"