டிகிரி அண்ணனும் என் மூன்றாவது பிஸ்டனும்

உலகத்தில் கார் இன்ஜினின் மனசைப் படித்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் பின்பக்கம், ஓர் இரும்பு ஆலைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவே தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஜெர்மனியில் இன்னொருவர் இருக்கலாம். இருந்தாலும் நம்மவர் அவரை ஒப்புக்கொள்ள மாட்டார்.

அவரை எல்லோரும் 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டாம் வகுப்பு அரைப் பரீட்சையோடு படிப்பை முடித்துக்கொண்டவருக்கு எப்படி இந்தப் பெயர்? இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலே ஏறி உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே தீப்பொறி பாய வேண்டும். எவ்வளவு முன்பு என்பதுதான் டைமிங், அதை டிகிரியில் சொல்வார்கள். சரியாக முந்தினால் கார் பறக்கும். பேராசைப்பட்டு அதிகம் முந்தினால் உள்ளே தாறுமாறாக வெடித்து, சுத்தியலால் தட்டுவது போல டக்டக்கென்று சத்தம் வரும். அதற்கு நாக்கிங் என்று பெயர். சாதாரணக் கார் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பந்தயத்துக்காக அழுத்தத்தை ஏற்றிக் கட்டிய இன்ஜின் பொறுக்காது, பிஸ்டனையே தின்றுவிடும். அந்த டிகிரியை அரை அரையாக ஏற்றி இறக்குவதுதான் அண்ணனின் தொழில், பொழுதுபோக்கு, பக்தி எல்லாம்.

அந்தப் பழக்கம் இன்ஜினோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்கு நடுவில் எழுந்து, டிரம்ஸ் வாசித்தவரைப் பார்த்து, "யப்பா, ரெண்டு டிகிரி லேட்டா அடிக்கிற, கொஞ்சம் முன்னால தள்ளு" என்றாராம். பாஸ்டர் அன்றைய பிரசங்கத்தைப் பொறுமை பற்றியதாக மாற்றிக்கொண்டார்.

அவர் மனைவி எஸ்தர் அக்கா என்னிடம் புலம்பாத நாள் கிடையாது. "குக்கரு விசில் அடிச்சா போதும், ஓடியாந்து காத வெச்சிக்கினு நிக்கிறாரும்மா. இன்னாய்யான்னு கேட்டா டைமிங் சரியில்லன்றாரு. பருப்புக்கு இன்னா டைமிங்கு? பேஜாரு புடிச்ச மனுசன்!"

நான் அப்போது பக்கத்து ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். உலோகத் துண்டுகளை இழுத்து, வளைத்து, உடைத்துப் பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம். மிச்ச நேரத்தில் ஒரு பழைய காருக்கு மூன்று வருடம் ஒவ்வொரு உதிரியாகச் சேர்த்துப் பந்தய இன்ஜின் கட்டினேன். ஒருநாள் அதைப் பிரியாணிக் கடை வாசலில் நிறுத்தினேன். தட்டோடு நின்றிருந்த ஒருவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"வண்டி நல்லாக்கீது தங்கச்சி. ஆனா பயந்துக்கினு ஓடுது. யாரு டைமிங் வெச்சது?"

"நான்தான். நெட்டுல பார்த்து வெச்சேன்."

அவர் தட்டைக் கீழே வைத்தார். கறி இன்னும் மிச்சம் இருந்தது. "நெட்டுல பாத்து கொழம்பு வை. டைமிங் வைக்காத."

அப்படித்தான் அறிமுகமானோம்.

நான் காரை ஓட்ட, அவர் பக்கத்து சீட்டில் மடியில் லேப்டாப் வைத்துக்கொண்டு டைமிங் எண்களை மாற்றுவார். ஆனால் அதன் திரையை நம்ப மாட்டார். இன்ஜினில் ஒரு செப்புக் குழாயை முடுக்கி, அதிலிருந்து ரப்பர் குழாயை ஜன்னல் வழியாக இழுத்து, காதை மூடும் இரண்டு கிண்ணங்களில் சொருகி மாட்டிக்கொள்வார். கண்ணை மூடிவிடுவார். நாக்கிங்கின் முதல் முணுமுணுப்பே அவருக்குக் கேட்கும். பேச்சு கூடாது. டாஷ்போர்டில் ஒரு தட்டு தட்டினால் ஆக்ஸிலரேட்டரை அமுக்க வேண்டும், இரண்டு தட்டினால் காலை எடுக்க வேண்டும்.

மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையின் உள்ளே நீளமான கான்கிரீட் பாதை உண்டு. முதலாளியிடம் அனுமதி வாங்கி, ஒரு ஞாயிறு மத்தியானம் அங்கே ஓட்டினோம். அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த வாட்ச்மேனுக்கு எங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மூன்றாவது சுற்றில் குறுக்கே பாய்ந்து நிறுத்திவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தால், வியர்த்து வழியும் ஒரு பெண். பக்கத்தில் கண்மூடிச் சாய்ந்த ஒரு மனிதர், காதுகளில் குழாய்.

"இன்னாம்மா ஆச்சி இவருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் கண்ணைத் திறக்காமலே முனகினார். "பேசாதீங்க... உள்ள அடிச்சிக்குது... டக்குடக்குனு அடிச்சிக்குது..."

"ஐயையோ, ஹார்ட்டா!"

வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு, மொபெட்டில் ஏறி, விசில் ஊதி எங்கள் காருக்கு வழி விலக்கிக்கொண்டே அரசு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். திறந்த கேட்டுக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலை. அண்ணன் டாஷ்போர்டில் ஒரு தட்டு தட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரி வாசலில்தான் வாட்ச்மேன் திரும்பிப் பார்த்திருக்கிறார், பின்னால் யாரும் இல்லை. பாவம், கையில் குளுக்கோஸ் பாக்கெட்டோடு திரும்பி வந்தார். அண்ணன் அதை வாங்கிக் கரைத்துக் குடித்துவிட்டு, "இன்னும் அர டிகிரி எறக்கணும்" என்றார்.

பிறகு பந்தயம் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தடம். ஆளுக்கு மூன்று ஓட்டம், அதில் சிறந்த நேரம்தான் கணக்கு. இரண்டு ஓட்டம் முடிந்தபோது நான் இரண்டாவது இடம். முதலிடத்துக்கும் எனக்கும் கண் சிமிட்டும் நேரம்தான் வித்தியாசம். உச்சி வெயிலில் தார் உருகியது. கடைசி ஓட்டத்துக்கு ஒரே ஒரு டிகிரி ஏற்றினால் போதும், கோப்பை எனக்குத்தான்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் ஓடி வந்தார். செருப்பு ஒன்றைக் காணோம்.

"மூணாவது பிஸ்டன் அடிச்சிக்குது. ரெண்டு டிகிரி எறக்கணும்."

"இருபது கார் சத்தத்துல உங்களுக்கு அது கேட்டுச்சா? அண்ணா, நான் ஏத்தச் சொல்றேன்!"

"அது அழுவுது, நீ கப்பு கேக்கற?"

நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். கொடியோடு அதிகாரி ஓடி வந்தார்.

"சார், எறங்குங்க. பந்தயத்துல டிரைவரைத் தவிர ஆள் இருக்கக் கூடாது."

"நான் ஆளு இல்ல சார். சென்சாரு."

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் வீடியோ எடுத்தார். மானம் போவதற்குள் ஓட வேண்டுமே என்று, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு டிகிரி இறக்கச் சம்மதித்தேன். அதை இறக்கிவிட்டுத்தான் அவரும் இறங்கினார். ஓடினேன். நேரம் குறையவில்லை, கூடியது. அதற்குள் இன்னொருவர் என் பழைய நேரத்தையும் முந்திவிட்டார். மூன்றாவது இடம்.

திரும்பும் வழி முழுக்க எனக்குக் கோபம் ஆறவில்லை. பெரியபாளையம் தாண்டும்போது எஸ்தர் அக்கா போனில் கேட்டார்: "கப்பு வந்துச்சா?"

"இன்ஜின் வந்துச்சி" என்றார் அண்ணன்.

மறு வாரம் கொட்டகையில் இன்ஜினைப் பிரித்தோம். மூன்றாவது பிஸ்டனின் விளிம்பை எலி கொறித்திருந்தது போல் இருந்தது. அதிலிருந்து முடியளவு ஒரு விரிசல் கீழே இறங்கியிருந்தது. உலோகம் எப்போது உடையும் என்று பார்ப்பதுதானே என் பிழைப்பு? இன்னொரு டிகிரி ஏற்றியிருந்தால் கடைசி வளைவில், முழு வேகத்தில், அது உடைந்திருக்கும். டயருக்கடியில் எண்ணெய். எதிரே சுவர்.

'சொன்னேன் பாத்தியா' என்று அவர் சொல்லவே இல்லை. பிஸ்டனைத் துணியால் துடைத்து, "பாவம், இதுவும் எவ்ளோதான் தாங்கும்" என்றார்.

"மன்னிச்சிடுங்கண்ணா."

"என்னாண்ட எதுக்கு? இதாண்ட சொல்லு."

சொன்னேன். எம்.எஸ்ஸி. படித்த நான், எஸ்தர் அக்கா டீ டம்ளரோடு பார்த்துக்கொண்டிருக்க, ஓர் அலுமினியத் துண்டிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வருடம் புதுப் பிஸ்டனோடு முதலாவதாக வந்தேன் என்று எழுத ஆசைதான். இரண்டாவதாகத்தான் வந்தேன்.

இப்போது எனக்கு ஓசூரில் வேலை. போன மாதம் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள், மனசை வேறு பக்கம் திருப்ப அண்ணனுக்குப் போன் போட்டு, ஓசூர் குளிருக்கு டைமிங்கை மாற்ற வேண்டுமா என்று கேட்டேன்.

"டைமிங்க வுடு. உன் கொரலு இன்னா இப்டிக்கீது?"

சொல்லிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் ஓசூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணனும் எஸ்தர் அக்காவும் நின்றார்கள். அக்கா கையில் மீன் குழம்புத் தூக்கு. அம்மா நல்லபடியாக வெளியே வந்து கண் திறக்கும்வரை, அண்ணன் என் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். கார் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.