தாய்மாமன் மேடைக்கு வரவும்

மலாக்கா மாநிலத்தில் விழா அறிவிப்பாளரான மைக் அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மேடைக்கு வராமல் போனவர் ஒரே ஒருவர்தான். அவர் இரண்டு வருஷத்துக்கு முன்பே இறந்து போனவர். அவருக்கும் மாற்று ஆள் வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அது மெர்லிமாவ் பக்கம் நடந்த ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் விழா. பெற்றோர் சோம்பல்பட்டுத் தங்கள் கல்யாணத்துக்கு எழுதிய பட்டியலையே எடுத்து, மேலே மட்டும் ‘பிறந்தநாள்’ என்று மாற்றி மைக் அண்ணன் கையில் கொடுத்திருந்தார்கள். அவர் பட்டியல்படி பெரியப்பாவை மேடைக்கு அழைத்தார். வரவில்லை. மறுபடியும் அழைத்தார். ஆறாவது தடவையில் ஓர் அம்மாள் ஓடிவந்து, “ஐயோ அண்ணே, அவரு தவறிட்டாரு லா!” என்றார். மைக் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, “அன்னாரின் சார்பில் குடும்பத்தார் யாராவது வரவும். கேக் காத்திருக்கிறது” என்றார். பல மாதமாக முகம் பார்க்காமல் இருந்த பெரியப்பாவின் இரண்டு மகன்களும் ஒரே நேரத்தில் எழுந்து வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. படத்தில் இருவரும் ஒரே கத்தியைப் பிடித்திருக்கிறார்கள்.

விழா இல்லாத நாட்களில் மைக் அண்ணன் வேன் ஓட்டினார். எங்களைப் போன்ற வேலையாட்களை ஏற்றிக்கொண்டு, பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருக்கும் தொழிற்சாலைகளில் இறக்கிவிடுவதுதான் வேலை. ஹார்ன் அடிக்க மாட்டார். இறங்கி, கேட் முன்னால் நின்று, முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வரும்வரை வேன் நகராது. ஒரு தடவை புஷ்பா என்ற பெண்ணின் வீட்டு வாசலில் நான்கு நாள் தொடர்ந்து நின்று கூப்பிட்டார். ஐந்தாம் நாள் அவள் நைட்டியோடு வெளியே வந்து கத்தினாள்.

“அண்ணே, நான் வேலைய நின்னுட்டேன் லா! ஆபீஸ்ல லெட்டர் குடுத்திட்டேன்!”

“வேன்ல குடுக்கலியே” என்றார் மைக் அண்ணன்.

அந்த வாரம் வேனில் இருந்த எங்கள் எல்லார் பஞ்ச் கார்டிலும் தாமதம் என்று சிவப்பு மைதான். நான் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். மூன்று வருஷம் அந்த வேனில் போனேன், மூன்று வருஷமும் அவரிடம் குறை கண்டுபிடித்தேன். பிறகு சொந்தமாக மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொண்டதற்கு அவரும் ஒரு காரணம்.

ஆனால் என் மகள் யாழினிக்கு ஒரு வயது ஆகப்போகிறது என்றதும் என் மனைவி கவிதா சொன்ன முதல் பெயர் அவருடையதுதான். “மைக் அண்ணன் இல்லாம பங்ஷனா?” என்றாள். அவள் சொல்லிவிட்டால் நான் தலையாட்டுவது வழக்கம். அந்தச் சமயத்தில் இரண்டு மடங்காகவே ஆட்டிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் நான் ஒரு பெரிய தப்பு செய்திருந்தேன்.

தப்பு இதுதான். குழந்தை பிறந்த முப்பத்தோராம் நாள், பெயர் சூட்டு விழா. தாய்மாமனை எப்படி அழைக்க வேண்டும் என்று எங்கள் சனத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெற்றிலை பாக்கு, பழம், புதுத் துணி எல்லாம் தட்டில் வைத்து, புருஷனும் பெண்டாட்டியுமாக நேரில் போய், வாய் நிறையக் கூப்பிட வேண்டும். கவிதா பச்சை உடம்புக்காரி, வெளியே வரக் கூடாது. எனக்கு அந்த வாரம் இரண்டு ஷிப்ட். அதனால் குடும்ப வாட்ஸப் குழுவில் குழந்தையின் படத்தைப் போட்டு, ‘அனைவரும் வருக, உணவு உண்டு’ என்று எழுதிவிட்டேன். கவிதாவின் அண்ணன் சேகர் ஒரு கட்டை விரல் போட்டார். வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வரவில்லை. அந்தக் கட்டை விரல்தான் அவர் எனக்கு அனுப்பிய கடைசிச் செய்தி. அதற்குப் பிறகு பதினோரு மாதம். சேகர் குடியிருக்கும் மெர்லிமாவ் என்ன, நிலாவிலா இருக்கிறது? புக்கிட் பெருவாங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மோட்டாரில் போய்விடலாம். ஆனாலும் சேகர் தங்கையின் குழந்தையை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. கவிதா போன் செய்தால் ‘ம்’ என்பார். அவள் போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போவாள். பாத்திரம் சத்தம் கூடுதலாகக் கேட்கும். அவ்வளவுதான்.

பிறந்தநாள் அன்றே காது குத்தும் வைப்பது என்று முடிவாகியிருந்தது. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். “சேகரு வரலேன்னா பெரியம்மா மவன் மடியில வெச்சிக்கலாமே” என்று என் அம்மா தெரியாமல் சொல்லிவிட்டார். கவிதா ஒரு பார்வை பார்த்தாள். அம்மா உடனே வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

“எங்கண்ணன் மடியிலதான் குத்தணும். இல்லேன்னா எம்புள்ளைக்கு காதே குத்த வேணாம்” என்றாள் என்னிடம்.

இந்தத் தடவை இருவரும் தட்டோடு நேரில் போனோம். வாழைப்பழம், ஆப்பிள், வெற்றிலை, சேகருக்கு ஒரு நீலச் சட்டை. சேகர் வீட்டு முன்னால் தன் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் மனைவிதான் தட்டை வாங்கிக்கொண்டு மைலோ கலக்கிக் கொடுத்தார். உள்ளறையில் டிவி சத்தம் கூடிக்கொண்டே போனது. மலாய்ச் செய்தி. சேகர் செய்தி பார்க்கிற ஆள் இல்லை.

அந்த வாரம் மைக் அண்ணன் பட்டியல் எழுத வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, யார் யாரை மேடைக்கு அழைக்க வேண்டும் என்பதல்ல.

“யாரு யாரோட பேசறதில்ல?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அதெதுக்கு அண்ணே?”

“பேசறவங்கள கூப்பிட மைக் எதுக்கு தம்பி? கிட்ட போயி சொல்லிடலாமே.”

கவிதா எல்லாவற்றையும் சொன்னாள். வாட்ஸப், கட்டை விரல், மலாய்ச் செய்தி, ஒன்று விடாமல். அவர் நிதானமாக எழுதிக்கொண்டார். வாட்ஸப் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மூன்று வருஷம் நான் அவரிடம் கண்டுபிடித்த குறைகளுக்கெல்லாம் அந்த ஒரு பார்வையில் கணக்குத் தீர்ந்துவிட்டது.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தாமான் குடியிருப்பின் பொது மண்டபத்தில். நான் போனபோது மைக் அண்ணன் கோட்டும் ரப்பர் சிலிப்பருமாக வயர் இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு ஸ்பீக்கர். ஒன்று மண்டபத்தைப் பார்த்தபடி, இன்னொன்று வாசலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி.

“அண்ணே, வெளிய யாருமில்ல. அதையும் உள்ள திருப்புங்க லா. பின்னால இருக்கறவங்களுக்கு கேக்காது.”

“உள்ள இருக்கறவங்க வந்தவங்க தம்பி. வராதவங்க எல்லாம் வெளியதான இருப்பாங்க?”

பலூன்காரர் ‘1’ என்ற எண்ணைத் தலைகீழாகக் கட்டியிருந்தார், அதைக் கவனிக்க ஓடினேன்.

மணி பதினொன்றரை ஆயிற்று. சேகரைக் காணோம். அவர் மனைவியும் பிள்ளைகளும் மட்டும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். “எங்கக்கா அவரு?” என்று கேட்டேன். அவர் மேலே சுழல்கிற மின்விசிறியைப் பார்த்தார். காது குத்தும் பத்தருக்கு ஒரு மணிக்கு ஜாசினில் இன்னொரு காது இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் கைக்கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கவிதா என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். “மைக் அண்ணன்கிட்ட சொல்லி எங்கண்ணன் பேர எடுத்திருங்க. கூப்பிட்டு வரலேன்னா எல்லார் முன்னாலயும்...” என்று ஆரம்பித்தவள், முடிக்காமல் குழந்தையின் பூ வைத்த தலைப்பட்டையைச் சரிசெய்தாள்.

நான் போய்ச் சொன்னேன். மைக் அண்ணன் நோட்டைத் திறந்து காட்டினார். முதல் வரியே சேகர்தான்.

“பேனாவுல எழுதியாச்சு தம்பி” என்றார். பிறகு மைக்கைத் தட்டினார்.

“குழந்தை யாழினியின் தாய்மாமன், மெர்லிமாவ் சேகர் அவர்களை மேடைக்கு அன்புடன் அழைக்கிறோம்.”

யாரும் வரவில்லை. எல்லாரும் திரும்பி வாசலைப் பார்த்தார்கள். பிறகு கவிதாவைப் பார்த்தார்கள். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடையில் தனியாக நின்றாள். அந்த நிமிடம் எனக்கு மைக் அண்ணன் மேல் வந்த கோபத்தை எழுத முடியாது. இதழ் ஆசிரியர் போட மாட்டார்.

இரண்டாவது தடவை அழைத்தார். மூன்றாவது, நான்காவது. இடையில் “பந்திக்காரர்கள் பிரியாணிச் சட்டியை மூடி வைக்கவும்” என்று ஓர் அறிவிப்பு. பசியில் ஒரு பிள்ளை அழுதது, அதைப் பார்த்து இன்னொன்று அழுதது. யாழினி அம்மாவின் தோளில் தூங்கிவிட்டாள். கேக்கில் ஏற்றியிருந்த ஒற்றை மெழுகுவத்தி அணைந்து, இன்னொன்று ஏற்றி, அதுவும் பாதியாகிவிட்டது. ஏழாவது அழைப்பில் நான் பிளக்கைப் பிடுங்கக் கிளம்பினேன்.

“விடுங்க” என்றாள் கவிதா.

அவள் அழவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பதினோரு மாதத்தில் அவளுக்காக அந்தப் பெயரை ஊர் கேட்கச் சொன்ன ஆள் அவர் ஒருவர்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பிளக்கை விட்டேன்.

எட்டாவது தடவை மைக் அண்ணன் நோட்டை மூடிவிட்டார். மேடைத் தமிழையும் மூடிவிட்டார். வேன் வாசலில் கூப்பிடுகிற அந்தக் குரலில் சொன்னார்:

“சேகரு. உன் தங்கச்சி புள்ளய தூக்கிக்கிட்டு நிக்கிது. புள்ள தூங்கிருச்சு. இது வாட்ஸப் இல்லப்பா. வாய் விட்டு கூப்பிடறேன். வா.”

பிறகு வெளியே ஒரு லோரிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

சேகர் வாசலில் வந்து நின்றார். நான் தட்டில் வைத்துக் கொடுத்த அதே நீலச் சட்டை. அளவு கேட்காமல் வாங்கியதால் வயிற்றுப் பக்கம் இரண்டு பொத்தான் போடவே முடியவில்லை. அதை ஒரு கையால் மூடிக்கொண்டு, மறுகையில் தோடு வாங்கி வைத்த சின்ன டப்பாவோடு நேராக மேடைக்கு வந்தார். பத்து மணியிலிருந்து எதிர்ப்பக்கம் லோரியில் உட்கார்ந்திருந்தாராம்.

“கூப்பிட்டாதான வர முடியும்?” என்றார் என்னிடம். பதினோரு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

“தப்பு என்மேலதான் மச்சான்” என்றேன். அவர் என் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார். லோரிக்காரர் கை. இன்னும் வலிக்கிற மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அந்த வலி எனக்கு வேண்டியிருந்தது.

யாழினி தூக்கத்திலேயே மாமன் மடிக்குப் போனாள். பத்தர் இரண்டு காதையும் ஒரே மூச்சில் குத்தினார். முதல் காதுக்கே விழித்து, முதல் முறையாகப் பார்க்கிற மாமனின் முகத்தில் பளாரென்று ஓர் அறை விட்டாள். சேகருக்குக் கண் கலங்கியது அறையினால்தான் என்று இன்றுவரை சொல்கிறார்.

கேக் வெட்டி, பந்தி நடந்துகொண்டிருந்தபோது மைக் அண்ணனிடம் கேட்டேன். “அவரு வெளிய இருந்தது உங்களுக்கு தெரியுமா?”

“தெரியாது.”

“வராமயே போயிருந்தா?”

“கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன்.”

“எவ்ளோ நேரம்ணே?”

“ஹால் ஆறு மணி வரைக்கும் நமக்குத்தான தம்பி?”

எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும் நேரம். நான், சேகர், கவிதா மூவரும் கடைசியாக உட்கார்ந்தோம். கவிதா சுற்றிப் பார்த்துவிட்டு, “மைக் அண்ணன் சாப்பிட்டாரா?” என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், எந்த விழாவிலும் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எல்லாரையும் பந்திக்கு அழைப்பது அவர், அவரை அழைக்க யாருக்கும் தோன்றியதில்லை. வெளியே கார் நிறுத்துமிடத்தில் வேனுக்குள் வயரைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். வெளியே பார்த்த அந்த ஸ்பீக்கரை மட்டும் இன்னும் கழற்றவில்லை. அதை எப்போதும் கடைசியில்தான் கழற்றுவார்.

சேகர் எழுந்து கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தார்.

“நிகழ்ச்சி அறிவிப்பாளர்...” என்று ஆரம்பித்துவிட்டு மைக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டார். “மாப்ள, அண்ணன் பேரு என்னா?”

நான் கவிதாவைப் பார்த்தேன். கவிதா என்னைப் பார்த்தாள். மூன்று வருஷம் தினமும் காலையில் என் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர். அவர் பெயர் எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

சேகர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். “மைக் அண்ணே, சாப்பிட வாங்கண்ணே.”

இரண்டாவது தடவை கூப்பிட வேண்டியிருக்கவில்லை. தோளில் மாட்டிய வயரோடு, சிலிப்பர் சத்தம் கேட்க, கிட்டத்தட்ட ஓட்டமாகவே வந்து வாசலில் நின்றார்.

“என்னையா கூப்பிட்டீங்க?” என்றார்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அடுத்த மாதம் எங்கள் இரண்டாவது பிள்ளைக்கு முதல் பிறந்தநாள். போன ஞாயிறு கவிதாவும் நானும் தட்டோடு சேகர் வீட்டுக்குப் போய் அழைத்துவிட்டு, இன்னொரு தட்டோடு மைக் அண்ணன் வீட்டுக்கும் நேரில் போய் அழைத்துவிட்டு வந்தோம். சட்டை அளவை இந்தத் தடவை முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன்.