மாமனார் வாயில் மாஞ்சா

ஒரு வேலை கைக்கு நன்றாக வந்துவிட்டால், அதைப்போலத் தோன்றுகிற எல்லா வேலையும் வரும் என்று நினைப்பது இளம் வயது வியாதி. எனக்கு அது எண்பதுகளில், ஆவடி குவார்ட்டர்ஸில், கல்யாணப் பேச்சோடு சேர்ந்து வந்தது.

பெண் பெயர் ஸ்டெல்லா. அவள் அப்பா செபாஸ்டியன் சார், ஊட்டிப் பக்கம் வேலை பார்த்துவிட்டு எங்கள் ஃபாக்டரிக்கு மாற்றலாகி வந்தவர். லீவு கிடைத்தால் மலையேறி, ஓடைகளில் டிரவுட் மீன் பிடிக்கப் போய்விடுவார். பெண் பார்க்கப் போன அன்று பதற்றத்தில் காபியை அவர் வேட்டியில் கொட்டிவிட்டேன். (முழு டம்ளரும் இல்லை, முக்கால்தான்.) அவர் வேட்டியை உதறிவிட்டு உள்ளே போய் ஒரு தூண்டில் முள்ளை எடுத்து வந்தார். அதன்மேல் ஈயக் கம்பியும் பழுப்புக் கம்பளி நூலும் சுற்றி, சேவல் இறகில் கால் வைத்து, கறுப்பு நூலால் ஒரு பூச்சி கட்டியிருந்தது.

"ஸ்டோன்ஃபிளை நிம்ஃப். ஓடையில கல்லுக்கு அடியில இருக்கிற பூச்சிக் குஞ்சு. டிரவுட்டுக்கு இதுன்னா உசிரு. ரொம்ப சுலபமான கட்டுதான். கை பதறாம ஒண்ணு கட்டிக்கிட்டு வாங்க தம்பி. அப்புறம் ஃபாதர்கிட்ட ஓலை வாசிக்கச் சொல்றதா வேணாமான்னு பாக்கலாம்."

(கோயிலில் கல்யாணத்தை ஞாயிறு பூசையில் அறிவிப்பதுதான் ஓலை. அது இல்லையென்றால் ஸ்டெல்லாவும் இல்லை.)

முள்ளும் இறகும் அவரே கொடுத்தார். நூல் மட்டும் என் பாடு. அம்மாவின் தையல் நூலை இறுக்க இறுக்க அறுந்தது. சனிக்கிழமை மதியம்வரை நான் கட்டியது பூச்சி மாதிரி இல்லை, குளியலறைச் சல்லடையில் சிக்கிய முடி மாதிரி இருந்தது. அப்போதுதான் சேக்காட்டிலிருந்து என் காத்தாடிக் கூட்டாளி பாபு வந்தான்.

"இன்னா மச்சான், இதுக்குப் போயி அழுதுகினு கீற? நம்ம மாஞ்சா இன்னாத்துக்கு கீது?"

அட, ஆமாம்! சேக்காட்டில் என் காத்தாடியை அறுக்க ஆளே கிடையாது. கண்ணாடித் தூளும் வஜ்ஜிரப் பசையும் தடவிய அந்தக் கறுப்பு நூல் என் கையில் அறுந்ததில்லை, மற்றவர்கள் நூலைத்தான் அறுக்கும். அரை மணியில் பூச்சி தயார். விரலெல்லாம் கீறல், முகமெல்லாம் பெருமை.

மாலை செபாஸ்டியன் சார் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமியார் காபியை எனக்கு எட்டாத இடத்தில் வைத்தார். ஸ்டெல்லா சமையலறை வாசலில் நின்று முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"கட்டு நல்லா இறுக்கமா இருக்கே" என்றார். எனக்கு உயிர் வந்தது. "இந்த நூல் வாலை மட்டும் எடுத்துட்டா..." என்று பூச்சியை வாய்க்குக் கொண்டுபோனார்.

வந்த உயிர் போயிற்று. அவர் நூலைப் பல்லால் கடிக்கிறவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? சொன்னால் காத்தாடி நூலில் கட்டிய குட்டு உடையும், ஓலை போய்விடும். சொல்லாவிட்டால் நாக்கு போய்விடும். அவர் நூலை உதட்டுக்கு நடுவில் வைத்து இழுத்தார்.

"துப்புங்க சார்! துப்புங்க!"

அவர் வீட்டில் அவரைப் பார்த்து அப்படி யாரும் கத்தியிருக்க மாட்டார்கள். நூலோடு வாய் அசையாமல் நின்றது.

"ஏன்?"

"மாஞ்சா சார்."

"மாஞ்சான்னா?" (மலையில் ஏது காத்தாடி!)

"கண்ணாடித் தூள் சார்."

வாஷ்பேசின் சிவந்தது. மாமியார் உப்புத் தண்ணீரோடு ஓடினார். ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையில் நான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வீடுவரை அழுதுகொண்டே நடந்தேன்.

மறுநாள் பூசை முடிந்து, கோயில் வாசலில் ஃபாதர் அவரை நிறுத்தினார். நான் தூணுக்குப் பின்னால்.

"என்ன செபாஸ்டியன், அடுத்த வாரம் ஓலை வாசிச்சிடலாமா?"

அவருக்கு நாக்கு வீங்கிப் பந்தாகியிருந்தது. "ம்ம்... ஆ..." என்று ஏதோ முயன்றார். மாமியார் முந்திக்கொண்டார்.

"தாராளமா வாசிங்க ஃபாதர். அவருக்கு வாயில புண்ணு. என் மகளுக்குப் புடிச்சிருக்கு, எனக்கும் புடிச்சிருக்கு."

இன்றுவரை எந்த விசேஷமானாலும் சாப்பிட்டுக் கை கழுவியதும் மாமனார் ஆரம்பிப்பார்: "இந்தக் கல்யாணத்துக்கு என் சம்மதத்தை இன்னும் யாரும் கேக்கல. இப்பவாவது நான் என்ன சொல்றேன்னா..."

பேரப் பிள்ளைகள் அவரை முடிக்க விடுவதில்லை. "துப்புங்க தாத்தா!"